முதல் உருக்கு நாளில் ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி

இரும்பாலையடிப் பிள்ளைகளே,

பிள்ளைகள் என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. நமக்கெல்லாம் முழங்கால் வலி, சீனி வருத்தம், பேரப்பிள்ளைகள். ஆனாலும் வேறு எப்படி அழைப்பது? கைபேசிக் குழுவில் நீங்கள் எழுதுவதையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆலை இருந்த இடத்தில் நினைவுக் கல் நாட்டுவது நல்ல காரியம். ஆனால் அந்தக் கல்லில் என் அப்பாவுக்குத் தனி வரி பொறிக்க வேண்டும், மனைவி செய்த பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் என்று எழுத வேண்டும் என ஒருவர் சொல்ல, மற்ற எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருக்கிறீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "என்ன, அடக்கமோ?" என்று தொலைபேசியில் கேட்டார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நடந்தது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கல்வெட்டுக்காரர் உளியை எடுக்க முன்னம் அதை எழுதிவிட வேண்டும்.

போன மாதம் நானும் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இராணுவம் காணிகளை விட்டபிறகு வந்து குடியேறியவர்கள் கொஞ்சப் பேர். தகரக் கொட்டில்கள், அரைகுறைச் சுவர்கள், ஒரு பாலர் பள்ளி. நமது குவாட்டர்ஸ் வரிசையில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. சீமெந்துத் தரைகள் மட்டும் கிடக்கின்றன. எங்கள் குசினித் தரையில் யாரோ மிளகாய் காயவிட்டிருந்தார்கள். ஆலைக்குள் ஒரு ஆணிகூட மிச்சமில்லை. கிரேன், உலை, கம்பி இழுக்கும் உருளைகள் எல்லாவற்றையும் வெட்டி, பழைய இரும்பு என்று ஏற்றிவிட்டார்கள். பழைய இரும்பை உருக்கியே வளர்ந்த ஊர், கடைசியில் தானே பழைய இரும்பாகி லொறியில் போய்விட்டது. சந்தியில் புதிதாக ஒரு இரும்புக் கடை திறந்திருக்கிறார்கள். கம்பி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "கப்பலிலை வாறது அன்ரி" என்றான் கடைப் பெடியன். இங்கேயே கம்பி போட்ட ஆலை இருந்தது என்று சொன்னேன். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான்.

நம் காலத்தில் அது ஊர் அல்ல, ஆலையின் வால். ஆலைச் சங்கு ஊதினால் எழும்பினோம், சங்கு ஊதினால் சாப்பிட்டோம். தண்டவாளத் துண்டு, பஸ் எலும்புக்கூடு, கப்பல் தகடு, உடைந்த தண்ணீர்ப் பம்பி எல்லாம் உள்ளே போய், கம்பியாகவும் மண்வெட்டியாகவும் வெளியே வந்தன. உரும்பிராய்த் தோட்டக்காரர் கொத்திய மண்வெட்டியில் பாதி நம் ஆலையுடையது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் நிறமாகும். இரும்பு வாசம் வீட்டுப் புட்டிலும் இருக்கும். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர் மூக்கைச் சுளிப்பார்கள். நமக்கோ உரும்பிராய்க்குப் போனால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

கசட்டு மேட்டை மறந்திருக்கமாட்டீர்கள். உலையில் இருந்து வழித்துக் கொட்டும் கசடு, மேலே கறுத்து, உள்ளே சிவந்து கிடக்கும். அதில் குழி தோண்டி, சிரட்டையால் தண்ணீர் விட்டு, மேலே ஒரு கசட்டுக் கட்டியைப் புரட்டிவிட்டு ஓடுவோம். படார் என்று வெடிக்கும். ஒரு தரம் தெறித்த துண்டு ஒன்று இப்போது நம் குழுவை நடத்துகிறவரின் காற்சட்டையை எரித்துவிட்டது. எங்கே எரித்தது என்று சொல்லி அவருடைய மரியாதையைக் கெடுக்கமாட்டேன். ஆகவே, உருகின இரும்பின் கீழ் தண்ணீர் அகப்பட்டால் என்ன ஆகும் என்பது நம்மில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லாத சங்கதி.

பெரியவர்களுக்கும் அதே பயம்தான். உலைக் கொட்டகைக்குள் 'தண்ணி' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்பது ஆலை வழக்கம். தாகம் எடுத்தால் கையைக் குவித்து வாயருகே காட்டுவார்கள். அந்தச் சொல் கேட்டால் ஒரே அர்த்தம்தான்: ஈரம் உலைக்குப் போகிறது, எல்லோரும் செங்கல் சுவருக்குப் பின்னால் ஓடுங்கள்.

என் அப்பா உலைவாயில் நின்றவர். மேலே இருந்து கிரேன் வாளி கொட்டியபிறகு, மிச்ச இரும்பை நீளமான கவைக்கோலில் ஏந்தி, உலையின் கதவு வழியாகக் கையால் போடுகிற வேலை. ஆலையில் அதற்கு மிஞ்சிய மதிப்பு இல்லை. இரண்டு அறை வைத்த குவாட்டர்ஸ் உலைக்காரருக்குத்தான். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை 'உலையண்ணை' என்பார்கள். ஆனால் அந்த மதிப்பில் ஒரு பொறியும் இருந்தது. உலையில் ஏறியவர் தானாகக் கேட்டு இறங்கக்கூடாது. முன்பு ஒருவர் பயந்துபோய், வெளிமுற்றத்தில் வேலை தாருங்கள் என்று கேட்டாராம். அவருக்குத் தேநீர்க் கடையில் வைத்து ஒரு சேலையை மடித்துக் கையில் கொடுத்தார்களாம். அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்.

நான் சொல்லப்போகும் அந்தப் புரட்டாதியில், காலம் தப்பி ஒரு மழை பெய்தது. மண் அடைத்த குழாய் ஒன்றுக்குள் மழைநீர் நின்றது யாருக்கும் தெரியவில்லை. அது உலைக்குள் போய் வெடித்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற கொழும்புத்துறைப் பெடியனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் பிழைக்கவில்லை. நமக்கெல்லாம் கடற்கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பிகளைக் காற்சட்டைப் பையில் கொண்டுவந்து தருவானே, அவன்தான்.

அப்பா அன்று புருவம் கருகி வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். "என்னப்பா நடந்தது, சொல்லுங்கோவன்" என்று அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். "ஒண்டுமில்லை" என்றார். அதற்குப் பிறகும் ஒழுங்காக வேலைக்குப் போனார். ஒரு மாற்றம்தான். போகுமுன் வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவார், அவிழ்ப்பார், திரும்பக் கட்டுவார். சங்கு ஊதி முடிகிறவரைக்கும் இது நடக்கும். நான் கயிறு இற்றுப்போய்விட்டது என்று நினைத்தேன். அம்மா, வீட்டைவிட்டுப் போக மனம் இல்லாமல் நிற்கிறார் என்று நினைத்து உருகினாள். ஒரே மனிதரின் ஒரே சப்பாத்தைப் பார்த்து இரண்டு பேரும் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டோம்.

அம்மா உரும்பிராய்த் தோட்டக் குடும்பத்துப் பெண். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா வேலைக் கதையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த உலை ஒரு உயிரைக் குடித்துவிட்டது, இன்னும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது என்பதுதான். கண்ட கண்ட கோயிலுக்கெல்லாம் நேர்த்தி வைத்தாள். வெள்ளிக்கிழமை விரதம் போதாதென்று செவ்வாயும் பிடித்தாள். அவள் மெலிந்ததைப் பார்த்து, வயிற்றிலே ஏதோ நோய் என்று குவாட்டர்ஸ் பெண்கள் கதைகட்டினார்கள்.

எங்கள் சாமியறையில் ஒரு காசிச் செம்பு இருந்தது. அம்மாவைப் பெற்றவர் காசிக்குப் போனபோது கொண்டுவந்தது. கைக்குள் அடங்கும் சின்னச் செம்பு, உள்ளே கங்கைத் தீர்த்தம், வாயை ஈயம் வைத்து அடைத்திருக்கும். வீட்டில் யாராவது கடைசி மூச்சில் கிடக்கும்போது உடைத்து, வாயில் விடுவதற்கென்று வைத்திருப்பார்கள். நம் வீடுகள் பலவற்றில் இருந்ததுதான்.

நவராத்திரிக்கு உலையை அணைத்துவிடுவார்கள் அல்லவா? ஆயுத பூசை முடிந்து திரும்ப மூட்டும் நாளுக்கு 'முதல் உருக்கு' என்று பெயர். அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு இரும்புச் சாமான் கொடுப்போம். மொண்ணைக் கத்தி, ஓட்டைத் தாச்சிச் சட்டி, உடைந்த பூட்டு, எதுவானாலும் சரி. வீட்டுக்கு வரும் கெடுதியை உலை எரித்துவிடும் என்பது நம்பிக்கை. அன்று மட்டும் பெண்களும் பிள்ளைகளும் கொட்டகைக்குள் வரலாம், கயிறு கட்டிய இடம்வரைக்கும். நம் எல்லோருக்கும் அது தீபாவளியைவிடப் பெரிய நாள்.

அந்த வருடம் எங்கள் வீட்டு இரும்பு, கரி போட்டுத் துணி தேய்க்கும் துருப்பிடித்த ஸ்திரிக்கைப் பெட்டி. மூடியைக் கம்பியால் சுற்றி முறுக்கி என் கையில் தந்தாள் அம்மா. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே என்னவோ உருண்டது.

"உள்ளுக்கை என்னம்மா உருளுது?"

"கரித்துண்டாயிருக்கும். கதையாமல் தூக்கிக்கொண்டு வா."

வெளிமுற்றத்தில் கங்காணி ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்து, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கினார். மூடின தகரப் பேணி எதையும் விடமாட்டார். என்னைக் கண்டதும், "உலையண்ணை வீட்டுப் பிள்ளையோ? வை மோனை, வை" என்று திறந்து பாராமலே குவியலில் வைத்துவிட்டார். உலைக்காரர் வீட்டிலேயே பிழை வரும் என்று யார் நினைப்பார்?

கொட்டகைக்குள் உலை உறுமிக்கொண்டிருந்தது. முதல் வாளி இரும்பு ஏற்கனவே உருகி, கதவிடுக்கால் வெள்ளையாய் வெளிச்சம் அடித்தது. ஐயர் கற்பூரம் காட்டினார். நாதஸ்வரமும் தவிலும் காதை அடைத்தன. எஞ்சினியர் வேட்டி கட்டி நின்றார். அப்பா கதவைத் திறந்து, கவைக்கோலில் சாமான்களை ஒன்றொன்றாக ஏந்தி உள்ளே போடத் தொடங்கினார். ஒரு கத்தி. ஒரு தாச்சி. ஒவ்வொன்று போகும்போதும் அந்த வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு என் காதுக்கருகில் குனிந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பல கிழமைகளாகக் காணவில்லை.

"இனி அது ஒருத்தரையும் கேக்காது மோனை."

"எது அம்மா?"

"உலை. கங்கையைக் குடுத்திட்டன். குடிச்சிட்டு அடங்கியிரும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தாடையால் குவியலைக் காட்டினாள். எங்கள் ஸ்திரிக்கைப் பெட்டி இன்னும் அதில்தான் இருந்தது.

"அம்மா! உலையுக்கை தண்ணியைப் போடக்கூடாது!"

"விசர்க்கதை கதையாதை. தீர்த்தமடி அது. தண்ணியே?"

"அப்பாட்டைச் சொல்லுவம் அம்மா, கெதியாச் சொல்லுவம்."

"சொன்னால் விடமாட்டார். அந்த மனிசனுக்குப் பயமெண்டால் என்னெண்டே தெரியாது. நீ பேசாமல் நில்லு."

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவள் பிடி எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அப்பா குனிந்து எங்கள் பெட்டியைக் கவைக்கோலில் ஏந்தினார். நான் அம்மாவின் கையைக் கடித்தேன். கயிற்றுக்குக் கீழால் புகுந்து ஓடினேன். பக்கத்து வீட்டு மாமா, அவரும் ஆலையில்தான் வேலை, என்னைக் குறுக்கே மறித்துப் பிடித்தார். "எடி, எங்கை ஓடுறாய்!" அப்பாவின் கோல் கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. தவில் சத்தத்துக்கு மேலால், தொண்டை கிழிய, அங்கே சொல்லக்கூடாத சொல்லைக் கத்தினேன்.

"தண்ணி! தண்ணி!"

நாதஸ்வரம் நின்றது. அடுத்த கணம் ஆளையாள் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். ஐயர் தட்டை எறிந்துவிட்டு ஓடினார். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் பாய்ந்தார். வழக்கப்படி அப்பாவும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். போட்டிருந்தால் பெட்டி உருகின இரும்புக்குள் விழுந்திருக்கும், இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன், வாசிக்க நீங்களும் இருந்திருக்கமாட்டீர்கள். அவர் ஓடவில்லை. சுவரோரமாய்த் தலையை நீட்டிப் பார்த்தேன். கோலை அசையாமல் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, பெட்டியை வெளியே எடுத்து, தரையில் மெல்ல இறக்கி வைத்தார். கதவை அடைத்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

கம்பியை வெட்டி மூடியைக் கிளப்பியதும் செம்பு உருண்டு வந்தது. எஞ்சினியரின் முகம் வெளிறிப்போனது.

"இது ஆர்ரை வீட்டுப் பெட்டி?"

அம்மா கயிற்றடியில் தனியாக நின்றாள். வாயைத் திறந்தாள்.

"என்ரை" என்றார் அப்பா. "நான்தான் வைச்சனான். மனிசிக்கு ஒண்டும் தெரியாது."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அப்பாவை உலையிலிருந்து இறக்கி, வெளிமுற்றத்தில் இரும்பு பிரிக்கப் போட்டார்கள். இரண்டு அறைக் குவாட்டர்ஸையும் விடச் சொன்னார்கள், பிறகு பாவம் பார்த்து விட்டுவைத்தார்கள். 'உலையண்ணை' போய், 'கங்கையண்ணை' வந்தது. அவர் தேநீர்க் கடைக்குப் போனால், "கங்கையிலை தேத்தண்ணி போடு" என்று யாராவது தொடங்குவார்கள். முதலில் சிரிப்பது பக்கத்து வீட்டு மாமாதான். நீங்களும் என் பின்னால் 'கங்கை, கங்கை' என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். இப்போது கைகூப்பும் படம் போடுகிறீர்கள். பரவாயில்லை.

வீட்டில் எனக்கு நன்றி கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? "நாலுபேருக்கு முன்னாலை கத்தி மானத்தை வாங்கிப்போட்டாய்" என்றாள் அம்மா. அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். பல நாட்கள் நான் சாமியறையில் போய் அழுதேன். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், நான்தான் குற்றவாளி. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மாவோ அப்பாவுக்கு அடிமையாகவே மாறிவிட்டாள். அவர் கேட்காமலே தண்ணீர் வரும், மீன் நடுத்துண்டு வரும். தனக்காக அந்த மனிதர் பேரையும் இடத்தையும் இழந்துவிட்டார் என்று உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் சொல்லி அழுதாள். நீங்கள் கல்லில் பொறிக்கப்போகும் கதை அவள் வாயிலிருந்து வந்ததுதான். நான் இனிச் சொல்லப்போவது நடக்க முன்னம் அவள் சொன்னது.

அப்பாவின் இடத்துக்கு ஏறியவர் பக்கத்து வீட்டு மாமா. அவருடைய மகளும் நம் குழுவில் இருக்கிறாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். ஆலையை மூடுகிறவரைக்கும் அவர்தான் உலைவாயில் நின்றார். வெக்கையும் வெளிச்சமும் அடித்து அடித்து, பின்னாளில் அவருக்குக் கண் இரண்டிலும் பார்வை மங்கிப்போனது.

அந்த முதல் உருக்குக்கு அடுத்து வந்த மாசி மாதம். பின்னேரச் சங்குக்கு முன், அப்பா வாசற்படியில் இருந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் அருகில் இருந்து அவர் தந்த துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தேன். மாமா வேலைச் சப்பாத்தோடு வந்தார். அம்மாவைப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அந்தச் செம்பை என்ன செய்தனீங்கள்?"

அம்மாவின் முகம் சுருங்கியது. பகிடி பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்தாள். "சாமியறையிலை கிடக்கு. ஏன்?"

"ஒரு சொட்டு வாயிலை விட்டுக்கொண்டு போவமெண்டு."

அவர் சிரிக்கவில்லை. அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். செம்பின் ஈயத்தைக் கத்தியால் கெல்லும் சத்தம் கேட்டது.

"கை நடுங்குதோ தம்பி?" என்று கேட்டார் அப்பா.

"ஓமண்ணை. ஏறின நாள் துவக்கம் இதுதான். உங்களுக்கு ஒருநாளும் நடுங்கினதில்லை, நான் பாத்தனான்தானே."

அப்பா கிழங்கின் நாரை இழுத்தபடி இருந்தார். "எனக்கு அந்தப் பெடியன் போன நாளிலையிருந்து கையும் நடுங்கினது, காலும் நடுங்கினது. சப்பாத்துக் கயிறு கட்டேலாது."

"நீங்களோ?"

"கேட்டு இறங்கினால் சேலை தருவீங்கள். அண்டைக்கு எஞ்சினியர் ஆர்ரை பெட்டியெண்டு கேக்கேக்கை, நான் உவளைக் காப்பாத்தினனான் எண்டு ஊரெல்லாம் கதை. உவளின்ரை நினைப்பே எனக்கு வரேல்லை தம்பி. இறங்க வழி கிடைச்சிட்டுது எண்டுதான் வாயைத் திறந்தனான்."

மாமா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். "அப்ப அடுத்தது நான்தான் ஏறவேணும் எண்டு தெரியுமே அண்ணை?"

"தெரியும்" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்தேன். அம்மா செம்போடு கதவடியில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது, ஆனால் எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. படியிறங்கி வந்து, மாமாவின் உள்ளங்கையில் தீர்த்தத்தை விட்டாள். ஒரு சொட்டு அல்ல, கை நிறைய. அவர் குடித்து, ஈரக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சங்கு ஊதியது. அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அப்பா எழுந்தார். கிழங்குக் கையை வேட்டியில் துடைத்து, அம்மாவுக்கு முன்னால் நீட்டினார்.

அம்மா செம்பின் வாயைக் கையால் பொத்தினாள்.

"இது உலைக்குப் போறவைக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நீட்டின கையை மடக்காமல் கனநேரம் அப்படியே நின்றார்.